கதவைத் தட்டும் தொண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



"இளைஞரும் சமூகத் தொண்டும்" என்ற பொருள்பற்றிப் பேசும்படி நமது செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருந்தார். பொருளோ பெரியது, பேசுகின்றவனோ சிறியவன். களனிப் பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்து முடியாத மாணவன் நான். சமூகத்துக்கு இன்னது செய்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் செய்யத் தவறிய காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லி, அதன் வழியே பொருளுக்குள் வர அனுமதி வேண்டுகிறேன். செயலாளர் அவர்கள் தந்த தலைப்பையும் கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். நம்மிடையே தனித்து வாழும் முதியோருக்கு நமது சங்கம் என்ன துணை செய்யலாம் என்பதே நான் பேச விரும்புவது.

நாங்கள் குடியிருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலே. எங்களுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில், ஓர் அம்மையார் தனியே இருந்தார். வயது 78. ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் மூவரும் கடல் கடந்த நாடுகளில் இருக்கிறார்கள். நாள் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார்கள். மாதந் தவறாமல் பணம் அனுப்புவார்கள். குறை சொல்ல இடமில்லாத பிள்ளைகள். சென்ற ஆண்டு மாரி காலத்தில் ஓர் இரவு, ஒன்பதரை மணியிருக்கும், மேலே ஏதோ பாரமான பொருள் விழுந்த சத்தம் கேட்டது. குசினியிலிருந்து எனது தாயார், "என்ன சத்தம்?" என்று கேட்டார். மறுநாள் எனக்குப் பரீட்சை. "ஏதும் சாமான் விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சற்றுப் பொறுத்து 'டக், டக்' என்று ஓர் ஓசை வந்தது. இந்த நேரத்தில் தேங்காய் உடைக்கிறார்களோ என்று எண்ணி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அந்த ஓசை நெடுநேரம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

காலையில் பாண்காரரின் முச்சக்கர வண்டி வந்தது. அந்த அம்மையார் பல்கணியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிப் பாண் வாங்குவது வழக்கம். அன்று கூடை இறங்கவில்லை. பாண்காரர் ஒரு சிங்கள இளைஞர். அவர்தாம் வண்டியை நிறுத்திவிட்டு, காவலாளியைக் கூப்பிட்டு, "மேலே இருக்கும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, போய்ப் பார்" என்று சொன்னவர். கதவில் மூன்று தாழ்ப்பாள்கள் போட்டிருந்தன. உடைத்துத்தான் திறந்தார்கள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே, தொடை எலும்பு முறிந்து, இரவு முழுவதும் ஈரத் தரையிலே கிடந்திருக்கிறார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டு கிடந்தது. படுக்கையறையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் செம்பாலை நிலத்திலை தட்டினனான். உங்கடை வீட்டுக்குக் கேக்கேல்லைப் போலை" என்றார். குற்றஞ்சாட்டிச் சொன்ன சொல் அன்று. ஆற்றாமையிலே வந்த சொல். நான், "இல்லை அன்ரி, கேக்கேல்லை" என்றேன். அது பொய். இந்தச் சபையிலேதான் அதைப் பொய்யென்று முதன்முதலாகச் சொல்கிறேன். அவர் இப்போது யாழ்ப்பாணத்தில் தமது தங்கையாரோடு இருக்கிறார், ஊன்றுகோலோடு நடக்கிறார்.

அன்பர்களே, நான் முதியோரைக் காணாமல் வளர்ந்தவன் அல்லன். நான் படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். நத்தார்க் காலந்தோறும் எங்களை முதியோர் இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் செல்வார்கள். கீதம் பாடுவோம், சவர்க்காரமும் பிஸ்கற்றும் கொடுப்போம். திருநீறு பூசும் வீட்டுப் பிள்ளையாகிய நானும் பாடினேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அங்கே கன்னியாஸ்திரீ ஒருவர் நிலத்தில் உட்கார்ந்து ஒரு கிழவருடைய கால் நகங்களை வெட்டிவிட்டதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கொழும்பு மருதானையில் முதியோரைப் பேணிவரும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற துறவியர் கூட்டத்தின் வரலாற்றைப் பள்ளியிலே சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரான்சு தேசத்தில் 1839 ஆம் ஆண்டிலே ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண், கண் தெரியாத ஒரு மூதாட்டியைத் தமது வீட்டுக்குக் கொண்டுவந்து, தம்முடைய கட்டிலையே கொடுத்ததில் தொடங்கியதாம் அந்தப் பணி. இத்தனையும் தெரிந்த எனக்கு, பத்துப் படி ஏறி மேல்மாடிக் கதவைத் தட்டத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பஸ்ஸில் ஏறிப் போய்ச் செய்வதே தொண்டு என்று நினைத்திருந்தேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றதைச் சொல்வதால் யாரும் முகஞ் சுளிக்க வேண்டாம். நாவலர் பெருமானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றவரே. அங்கே கண்ட ஒழுங்கையும் முறையையும் சைவ சமூகத்தின் காரியங்களுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1876, 1877 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, அவர் பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை. கஞ்சித் தொட்டி வைத்தார். கஞ்சித் தொட்டி என்றால் அரிசி வேண்டும், விறகு வேண்டும், கணக்கு வேண்டும், நாள்தோறும் அடுப்பு மூட்ட ஆள் வேண்டும். நாள்தோறும் என்ற அந்தச் சொல்லை உங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவேன்.

நமது முதியோர் எப்படித் தனித்துப் போனார்கள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதற்குச் சாட்சி. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் பிள்ளைகள் போனார்கள். போன பிள்ளைகள் பேரப்பிள்ளைகளை அங்கே பெற்றார்கள். பெற்றோர் இங்கே நின்றார்கள். நாடு முழுவதுமே முதுமை அடைந்து வருகிறது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை எட்டியவர்கள்.

வெள்ளவத்தையின் நிலை வேறு; கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே வெளிநாட்டுப் பணம் வரும், லிப்ட் உண்டு, காவலாளி உண்டு. ஆனால் அடுத்த வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கைகளிலே ஒரு சுவருக்கு இரண்டு வீடு. ஓர் ஆச்சி இருமினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். விழுந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஆனால் அங்கே மலசலகூடத்துக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும், வழியிலே விளக்கிராது, மாத முடிவில் மருந்துக்குக் காசிராது. ஆகவே ஒரே திட்டத்தை இரண்டு இடத்துக்கும் பொருத்த முற்பட்டால், ஓரிடத்தில் நாம் கேலிக்குள்ளாவோம். கொட்டாஞ்சேனையில் நமக்கு முன்பே அயலவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே நாம் செய்யக்கூடியது கந்தோர் வேலை. வெள்ளவத்தையிலேதான் கதவைத் தட்ட வேண்டும்.

கந்தோர் வேலை என்றேன். அதைச் சற்று விளக்குகிறேன். முதியோருக்கு இந்த நாட்டிலே ஒன்றுமே இல்லை என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவரை அது முதியவர் என்று கொள்கிறது. பெற்றோரைக் கைவிடக்கூடாதென்று பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. கைவிடப்பட்டவர் முறையிட்டுப் பராமரிப்புப் பணம் பெறுவதற்கு ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. முதியோருக்கென அடையாள அட்டை உண்டு. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முதியோர் குழுக்கள் உண்டு. எழுபது வயதைக் கடந்த, வருமானங் குறைந்தோருக்கு மாதாந்த உதவிப் பணம் உண்டு. 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி காசின்றி வரும். இந்தியாவின் உதவியோடு 2016 யூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய சேவை அது. பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. கண்ணில் வெண்படலம் விழுந்த முதியோருக்குச் சத்திரசிகிச்சை செய்யும் 'ஹெல்ப்ஏஜ்' நிறுவனத்தின் கண் ஆஸ்பத்திரி நமது வெள்ளவத்தையிலேயே இருக்கிறது.

இவையெல்லாம் இருந்தும் என்ன? அட்டை பெற விண்ணப்பம் வேண்டும்; விண்ணப்பத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டும்; அவர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்பது தெரிய வேண்டும்; வெள்ளவத்தையார் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் கொட்டாஞ்சேனையார் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும்; போனால் வரிசையில் நிற்க வேண்டும். முழங்கால் நோவோடு ஒருவர் இதைத் தனியே எப்படிச் செய்வார்? மொழியும் ஒரு தடை. சிங்களத்தில் அச்சிட்ட படிவத்தைக் கண்டதும், "எனக்கு இது வேண்டாம் தம்பி" என்று திரும்பிவிட்ட ஐயா ஒருவரை எனக்குத் தெரியும். 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் அரசாங்க அலுவலரோடு தமிழிலே எழுதிக் கருமமாற்றவும், தமிழிலே மறுமொழி பெறவும் நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கோபமின்றி, கூச்சமுமின்றி, மேசைக்கு முன்னே நின்று கேட்பதற்கு ஒருவர் துணை வேண்டும். மும்மொழியும் ஓரளவு தெரிந்த நம்மைப் போன்ற மாணவர் அதற்கும் பயன்படாவிட்டால், நாம் கற்றது எதற்கு?

அம்புலன்ஸ் விடயத்திலே எனக்குச் சிரிப்பும் கவலையும் தந்த ஒரு சம்பவம். ஒரு பெரியவர் நெஞ்சு நோவென்று 1990 ஐ அழைத்து, தாம் "ஹை ஸ்ட்ரீட்"டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீதிக்கு டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர் நாவிலோ பழைய பெயரே வந்தது. நல்ல வேளையாக, பக்கத்து வீட்டுப் பையன் தொலைபேசியை வாங்கிச் சரியான பெயரைச் சொன்னான். பதற்றத்தில் மனிதர் வாயில் வருவது இளமையில் பழகிய பெயர்தான். ஆதலால் ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் தொலைபேசிக்கு அருகே, பெரிய எழுத்தில், வீட்டு இலக்கம், இன்றைய வீதிப் பெயர், அடையாளமான இடம், மாடி, இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ எடுக்கும் மருந்து ஆகியவற்றை மும்மொழியிலும் எழுதிய ஒரு மட்டை தொங்க வேண்டும். ஒரு மட்டைக்கு என்ன செலவாகும்? நமது விழா அழைப்பிதழின் கடதாசியே போதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். அந்த அம்மையாரின் கதவிலே மூன்று தாழ்ப்பாள்கள் இருந்தன என்றேன். ஏன் மூன்று? அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கேட்டேன். முதலாவது வீடு வாங்கியபோதே இருந்தது. மற்ற இரண்டும் அவர் கணவர் போட்டவை.

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ணாலே கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். வந்தவர்கள் கையிலே வாக்காளர் பெயர்ப் பட்டியல் இருந்தது என்று அவர்கள் சொல்வதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் பின் யுத்த காலம் முழுவதும் இரவிலே சோதனை. வீட்டில் இருப்போரின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். 2007 யூன் மாதம் 7 ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 370 இற்கும் மேற்பட்டோர், விடியுமுன் கதவு தட்டி எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அரசாங்கத்தின் சார்பில் பிரதம மந்திரி வருத்தமும் தெரிவித்தார். ஆனாலும் அந்தத் தட்டல் காதிலே நின்றுவிட்டது. எங்கள் தலைமுறைக்குக் கதவு தட்டுவது சாதாரண ஓசை. அவர்களுக்கு அப்படியன்று. தனித்த முதியவர் கதவைத் திறப்பதில்லை, அயலவரோடு பழகுவதில்லை, பிடிவாதக்காரர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் திறவாமைக்கு நியாயம் உண்டு.

ஆகவே நமது சங்கம் கதவைத் தட்டப் போகுமானால், எப்படித் தட்டுவது என்பதை முதலில் கற்க வேண்டும். முன்னறிவிப்பின்றிப் போகக்கூடாது. அவர் நம்பும் ஒருவர், கோயில் ஐயரோ, பழைய மாணவரோ, பக்கத்து வீட்டு மாமியோ, முதல் நாள் கூடவே வந்து அறிமுகஞ் செய்ய வேண்டும். போகிறவர் இருவராகப் போக வேண்டும். அம்மையார் தனியே இருக்கும் வீடானால் இருவரில் ஒருவரேனும் பெண்பிள்ளையாக இருக்க வேண்டும். வாரந்தோறும் அதே இருவர், அதே கிழமை, அதே நேரம். ஆள் மாறினால் அன்றைக்குப் பயம் மீண்டும் வந்துவிடும். வாசலில் நின்றபடியே பெயரைச் சொல்ல வேண்டும். "நீ ஆற்றை பிள்ளை?" என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். நமது ஊரிலே அது வெறும் கேள்வியன்று. அதுதான் அடையாள அட்டை. தகப்பன் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள்; தாழ்ப்பாள் திறக்கும். (சாதியை அறிவதற்காகவும் சிலர் அதே கேள்வியைக் கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்லும் கடமை நமக்கில்லை.)

பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். யார் யார் எங்கே தனித்திருக்கிறார்கள், அவர்களுடைய கிளினிக் நாள் எது, மாற்றுத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் எழுதிய கொப்பி ஒன்று இல்லாமல் இந்த வேலை நடவாது. ஆனால் பட்டியல் என்ற சொல்லுக்கே அஞ்சுகின்ற மக்களிடம் போகிறோம். அது மட்டுமன்று, தனித்த முதியோரின் பெயரும் விலாசமும் கொண்ட கொப்பி ஒரு திருடன் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எனது யோசனை இது: கொப்பி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது இளைஞரிடம் அன்று, இந்தச் சபையில் எல்லோரும் மதிக்கும் மூத்தவர் ஒருவரிடம் இருக்க வேண்டும். தம்மைப் பற்றி எழுதிய பக்கத்தை அந்த முதியவர் பார்க்கலாம், விரும்பாவிட்டால் கிழித்தெடுக்கலாம். வீட்டு உறுதி, வங்கிப் புத்தகம், நகை, இவை பற்றி நாம் ஒரு வார்த்தையும் கேட்கக்கூடாது. காசை நம் கையால் தொடக்கூடாது. மருந்து வாங்கப் போனாலும் அவர் கூட வர முடிந்தால் அவரே கொடுக்கட்டும், முடியாவிட்டால் பற்றுச்சீட்டோடு மிச்சத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். திறப்பை நாம் வைத்திருக்கக்கூடாது. அவர் நம்பும் அயலவர் வைத்திருக்கட்டும், அது யாரென்று மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும். படம் எடுத்து முகநூலிலே போடுவது அறவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு; நமது சங்கத்தில் சோற்றுப் பொதிக்கு முன்பே கமரா போய்ச் சேர்ந்த நாளும் உண்டு.

இது எல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ஜப்பான் தேசத்தைப் பார்க்கலாம். அங்கே 'மின்செயி இன்' என்று அழைக்கப்படும் நல்வாழ்வுத் தொண்டர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஒகாயாமா என்ற இடத்தில் 1917 இல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டிலிருந்து வளர்ந்த முறை அது. சம்பளம் இல்லை. ஒவ்வொருவருக்கும் குறித்த சில தெருக்கள். அந்தத் தெருவிலே தனித்திருக்கும் முதியவரைப் போய்ப் பார்ப்பதும், எந்தக் கந்தோரில் எந்த உதவி கிடைக்கும் என்று வழிகாட்டுவதும் அவர்கள் வேலை. அறிந்த இரகசியத்தை வெளியிடக்கூடாதென்பது அவர்களுக்குச் சட்டம். உதவிப் பணமும் ஆஸ்பத்திரியும் நம்மைவிடப் பன்மடங்கு உள்ள நாடு அது; அங்கேயும் கதவுவரை நடந்து போக ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

போகிறவர் வீட்டுக்குள்ளே எதைப் பார்க்க வேண்டும்? குளியலறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்றும், அவ்விதம் இறப்போரில் அறுபது வயதைக் கடந்தோரே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021 இல் எழுதியது. சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத கால்மிதி, இரவிலே எரியும் ஒரு சிறு விளக்கு, நடக்கும் வழியில் சுருண்டு கிடக்கும் பாயை எடுத்துவிடுதல், இவ்வளவுதான். கைப்பிடி பூட்டத் துளையிடும் இயந்திரம் நமது உறுப்பினர் பலர் வீட்டில் சும்மா கிடக்கிறது. விழுந்தவரை எப்படித் தூக்குவது, எப்போது தூக்கவே கூடாது என்பதைச் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடமோ சென். ஜோன் அம்புலன்ஸ் சங்கத்தாரிடமோ முதலுதவிப் பயிற்சியாகக் கற்றுக்கொள்ளலாம். எங்கள் தொடர்மாடியில் நடந்தது என்ன தெரியுமா? கதவை உடைத்தவர்கள் பரிவினாலே அந்த அம்மையாரைக் கைகால் பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். அவர் போட்ட சத்தம் கீழ்மாடிவரை கேட்டது.

களனி கங்கையை அண்டி வாழும் உறுப்பினர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடும் வந்த வெள்ளங்களில் அவர்கள் பட்டது அவர்களுக்குத்தான் தெரியும். நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவுகோலைப் பார்த்து நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிப்புக் கொடுக்கிறது. இளையவர்கள் கைப்பேசியிலே பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். "நான் வரமாட்டன், வீட்டை விட்டிட்டு எங்கை போறது" என்று கட்டிலில் இருக்கும் ஆச்சியை யார் தூக்குவது என்பதை, தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகு யோசிக்க முடியாது. வாரந்தோறும் வீட்டுக்கு வந்து போகும் பிள்ளை சொன்னால் ஆச்சி கேட்பார்.

இனி, பெரியோர்களே, உங்களிடம் சிறியேன் ஒன்று சொல்ல வேண்டும்; பொறுத்தருள வேண்டும். "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால், "எனக்கென்ன, ஒன்றுமில்லை" என்கிறீர்கள். தலை சுற்றியதையும் கால் தடுக்கியதையும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொன்னால் கவலைப்படுவார்கள் என்கிறீர்கள். 2022 மார்ச்சிலே, எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில், எழுபது வயதைக் கடந்த இருவர், கண்டியில் ஒருவரும் கடவத்தையில் ஒருவருமாக, வரிசையில் நின்றபடியே உயிர் துறந்தார்கள். வெயிலில் நின்ற அவர்களுக்கு ஒரு கதிரை கொடுத்து, அவர்கள் இடத்தில் நிற்க ஓர் இளைஞன் இருந்தானோ, அவர்கள் கேட்டார்களோ, நான் அறியேன். ஆனால் நமது தெருவில் அன்று நான் பார்த்ததைச் சொல்வேன். முதியோர் பலர் கேட்கவே இல்லை. கேட்பது இழிவென்று உங்களுக்கு யார் சொன்னது? இன்னொன்று. நீங்கள் பெறுவோர் மாத்திரம் அல்லர். எங்களில் எவரையும்விட அரசாங்கப் படிவம் நிரப்பத் தெரிந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐவரை இந்த முன்வரிசையிலேயே காண்கிறேன். காலை ஏழு மணிக்கு ஒருவர் அடுத்தவரை அழைத்து, அவர் அதற்கடுத்தவரை அழைத்து, இப்படியே ஒரு சுற்று வந்தால், எவர் தொலைபேசி எடுக்கவில்லை என்பது ஏழரை மணிக்குத் தெரிந்துவிடும். இதற்கு இளைஞர் யாரும் வேண்டியதில்லை. அன்று அந்த அம்மையாரை ஒரு பாண்காரர் கண்டுபிடித்தது, அவர் தினமும் எதிர்பார்க்கும் கூடை இறங்காத காரணத்தினாலே அன்றோ?

இது பிள்ளைகளின் கடமை, அரசாங்கத்தின் கடமை, இளைஞர் சங்கம் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று செயற்குழுவிலே ஒருவர் கேட்டதாக அறிகிறேன். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் கடமைதான்; சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் மகன் எவ்வளவு நல்லவனானாலும் வெள்ளவத்தையிலுள்ள தாழ்ப்பாளைத் திறக்க அவனால் முடியாது. அரசாங்கத்தின் கடமைதான், அம்புலன்ஸ் வரும், ஆனால் யாராவது அழைத்தால்தான் வரும்.

வேறொரு கேள்விதான் என்னை வருத்துகிறது. 2020 ஒக்டோபரிலிருந்து கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் பெருந்தொற்றினால் அடைக்கப்பட்டிருந்தபோது, நமது மூத்த உறுப்பினர் உலர் உணவுப் பொதி கட்டி வாசல்தோறும் வைத்தார்கள். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு அலைந்தார்கள். நல்ல பணி. தனிமைப்படுத்தல் முடிந்தது, அவர்களும் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வெள்ளம் வந்தபோது மீண்டும் எழுந்தோம்; தண்ணீர் வற்றியதும் அமர்ந்தோம். ஆபத்து வந்தால் ஓடுவதற்கு நமக்குத் தெரியும். முதுமையோ செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது, புதன்கிழமையும் இருக்கிறது. நாவலர் அவர்களின் அடுப்பைப் பற்றிச் சொன்னபோது நாள்தோறும் என்ற சொல்லை மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நாள்தோறும் நம்மால் முடியாது. படிப்பும் தொழிலும் உண்டு. வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம் முடியும். அதுவும் முடியாதவர்கள் தயவுசெய்து சேர வேண்டாம். மூன்று வாரம் வந்து நான்காம் வாரம் வராமல் விட்டால், கதவுக்குப் பின்னாலே காத்திருப்பவருக்கு நாம் செய்வது தீங்கு.

சங்கத்திடம் நான் பணம் கேட்கவில்லை. மட்டைகளும் ஒரு கொப்பியும் செயலாளர் அவர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் வெள்ளவத்தையில் பத்து வீடுகள், கொட்டாஞ்சேனையில் பிரதேச செயலக வேலைக்குத் துணை வேண்டுவோர் பத்துப் பேர். அதற்கு மேல் இப்போது வேண்டாம். வருகிற ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். மண்டப வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகே, மேசைமீது ஒரு தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன். முதல் வரியிலே எனது பெயரை எழுதியிருக்கிறேன். எதிரே உள்ள இடம் வெறுமையாக இருக்கிறது. தனியே போகக்கூடாதென்று முன்பே சொன்னேன்.